எந்த வாக்கைக் காப்பது?

நீலமலைத் தொடர்வண்டி, லவ்டேலைக் கடந்து, உதகையை எட்டும் முன்னே ஒரு சிறு நிலையத்தைத் தொட்டுச் செல்கிறது. பெர்ன்ஹில் என்பது அதன் பெயர். இருப்புப்பாதை இம்மேட்டுக்கு வந்தது 1908-இல். அதற்கும் முன்னே, 1873-இல், மைசூர் மன்னர் குடும்பம் இங்கொரு மாளிகையை விலைக்கு வாங்கிற்று, கோடையின் கொடுமை கொற்றவரைத் தீண்டலாகாது என்பதற்காக! மேட்டிலே மாளிகை, சரிவிலே சிற்றில்கள். மாளிகைக்கு உரியவர் மைசூரை ஆண்டார். மலையையோ வெள்ளையர் ஆண்டனர். எவர் ஆண்டாலென்ன? சரிவிலே வாழ்ந்தோரை, 'உன் கருத்து யாது?' என்று கேட்டவர் ஒருவருமிலர்.

இன்று கேட்கிறார்கள். கேட்டாக வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும் காலமாகிய 2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது, அச்சரிவிலே நாம் ஒரு கேள்வியைச் சந்தித்தோம். கேட்டவர் அறுபதைத் தொட்ட ஒரு தாய். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே பிறந்து, சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி, நீலமலையிலே கொழுந்து கிள்ளியே முதுமை கண்டவர். வேலிக் கம்பைப் பிடித்தவண்ணம், தாழ்ந்த குரலிலே கேட்டார்:

"ஐயா, படிச்சவங்க, ஒரு ஞாயம் சொல்லுங்க. ராத்திரி வந்தாங்க. கையில காச வச்சாங்க. சூடத்தக் கொளுத்திச் சத்தியம் கேட்டாங்க. நானும் அணைச்சுக் குடுத்துட்டேன். மனசு இப்ப வேற பக்கம் நிக்குது. குடுத்த வாக்க மீறலாமா? மீறினா பாவமில்லையா?"

வந்தவர் எக்கட்சியினர் என்று நாம் கேட்கவில்லை, அவர் கூறவுமில்லை. கேள்வி கட்சியைப் பற்றியதன்று; அறத்தைப் பற்றியது. நம் மொழியிலே ஒரே சொல்லுக்கு இருபொருள். வாய்மொழியாகத் தரும் உறுதியும் வாக்கு. வாக்குச்சாவடியிலே அளிப்பதும் வாக்கு. ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடுகிறது. எந்த வாக்கைக் காப்பது? ஏழையின் இந்தக் கேள்விக்கு, 'சட்டப்படி குற்றம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் கேட்டது சட்டத்தையன்று, ஞாயத்தை. ஆகவே நின்று விடை தேடுதல் நம் கடன்.

வாங்கவும் விற்கவும் முனைகின்ற பொருள் எத்தகையது என்பதை முதலிலே காண்போம்.

2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலிலே இருந்தோர் 96 கோடிக்கும் மேற்பட்டோர். வாக்குச்சாவடிகள் ஏறத்தாழ பத்தரை இலட்சம். ஏப்ரல் 19 தொடங்கி ஜூன் 1 வரை ஏழு கட்டங்கள். தமிழகத்துக்கு முதற் கட்டமே. மக்களவையின் 543 இடங்களுள் ஒன்று நீலகிரி. உதகை, குன்னூர், கூடலூர் எனும் மலைப்பகுதிகளும், மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் எனும் கீழ்ப்பகுதிகளும் இணைந்த தொகுதி. இத்துணைப் பெரிய ஏற்பாட்டின் உயிர்நாடி எங்கே இருக்கிறது? குஜராத்தின் கீர் காட்டிலே, பானேஜ் என்னும் இடத்தில், ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு சாவடி அமைக்கப்படுகிறது. அலுவலர் குழு காடு கடந்து செல்கிறது. கருவியைச் சுமந்து செல்கிறது. ஒருவர் வந்து வாக்களிக்கக் காத்திருக்கிறது. 'ஒருவர்தானே, விட்டுவிட்டால் என்ன?' என்று கேட்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை. கோடிகளை எண்ணும் ஏற்பாடு, ஒன்றை விடுவதற்கு அஞ்சுகிறது! அந்த அச்சத்தில்தான் குடியாட்சியின் மாண்பு இருக்கிறது.

அத்துடன் நின்றதா? வாக்களித்தவர் மீண்டும் வாராதிருக்க இடக்கைச் சுட்டுவிரலிலே மை இடுகிறார்கள். அந்த மை எங்கிருந்து வருகிறது? மைசூரிலிருந்து. 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய தொழிற்சாலை, பின்னர் அரசுடைமையாகி, 1962 தேர்தல் முதல் அந்த மையைத் தருகிறது. பெர்ன்ஹில் மாளிகை எந்த அரச குடும்பத்துக்கு உரியதோ, அந்தக் குடும்பத்தார் நிறுவிய ஆலையின் மைதான் சரிவிலே வாழும் தாயின் விரலிலும் ஏறுகிறது. அதுமட்டுமா? அக்குடும்பத்தின் ஸ்ரீகண்டதத்த உடையார் மைசூர்த் தொகுதியிலே மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றார். நான்கு முறை வென்றார். 1991-இலும் 2004-இலும் தோற்றார். கோல் ஓச்சிய குடியிலே பிறந்தவரை, கூலி வாங்கும் கை 'இம்முறை வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிற்று! வாளெடுக்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஒரு விரல் அசைந்தது, அவ்வளவே.

இவ்வுரிமை வானிலிருந்து விழுந்ததன்று. பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூரைக் காட்டுவர். பத்தாம் நூற்றாண்டிலே, முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறை இருந்ததென்று கல்வெட்டு கூறுவது உண்மை. ஆனால், குடத்திலே யாருடைய பெயர் விழுந்தது? வரி செலுத்தும் நிலமுடையவர், சொந்த மனையிலே வீடுடையவர், மறை ஓதியவர் ஆகியோர் பெயரே விழுந்தது. உழுதவன் பெயர் விழவில்லை. பெண்ணின் பெயர் விழவில்லை. ஒழுங்கான முறை என்று பாராட்டலாம். மக்களாட்சி என்று கொண்டாட ஒண்ணாது. வெள்ளையராட்சியில் 1920-இல் சென்னை மாகாணத்திலே தேர்தல் நடந்தபோதும் சொத்தும் வரியுமே தகுதி. 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வழி திறந்தது. அங்கும் சொத்துடைய பெண்களுக்கே. வயது வந்த அனைவர்க்கும் வாக்கு என்பது, விடுதலைக்குப் பின், 1951 அக்டோபரில் தொடங்கி 1952-இல் முடிந்த முதற் பொதுத்தேர்தலிலேதான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே கூறித் தம் பெயரைக் கூறாதொழிந்த காரணத்தால், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலே இடம்பெறவில்லை. பெண்ணுக்குப் பெயரும் தேவையில்லை என்று பழக்கிய சமுதாயத்தின் கொடுமை, தேர்தல் ஏட்டிலே வெற்றிடமாக நின்றது!

இனி, கேள்வி கேட்ட தாயின் சொந்தக் கதைக்கு வருவோம். இலங்கையிலே 1931-ஆம் ஆண்டிலேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில், மலையகத் தோட்டத் தொழிலாளரின் இயக்கமாகிய இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. தேயிலையை வளர்த்தவர் நாடற்றவராயினர், நாடற்றவர் வாக்கற்றவராயினர். 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்கள் எங்கே? ஒன்றுமில்லை. மலையகத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்தது 1977-இலேதான். இடையிலே முப்பது ஆண்டுகள்! இந்த இடைவெளியிலே, 1964 அக்டோபரில், சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்தனர். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! சந்தையிலே மூட்டைகளைப் பங்கிடுவது போல மக்களைப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அவர்களிடம் வாக்கு இல்லை. ஆகவே கேட்க வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை.

வந்தவர்களில் பலரை நீலமலை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களிலே பசுமை படர்ந்தது. 'சிலோன்காரர்' என்னும் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. எனினும் ஒன்று கிட்டியது: வாக்குரிமை. ஒரு மலை பறித்ததை மற்றொரு மலை தந்தது. தோட்டத்திலே ஒரு வழக்குண்டு. பறித்த கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவர். அன்றைய கூலி பாதியாகும். வாக்காளர் பட்டியலிலே அரைப்பேர் கிடையாது! மாளிகையில் இருப்பவருக்கும் ஒரு பேர்; கொழுந்துக் கூடை சுமப்பவருக்கும் ஒரு பேர். இந்த நாட்டிலே ஏழைக்கு முழுப்பேர் போடும் ஏடு வேறெது உண்டு?

இத்தகைய பொருளுக்குத்தான் இரவிலே விலை பேசுகிறார்கள். 'என்னுடையதை நான் விற்கிறேன், உமக்கென்ன?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். கொழுந்து என்னுடையது, விற்கிறேன். உழைப்பு என்னுடையது, விற்கிறேன். வாக்கை விற்றால் மட்டும் பழியா?

ஆம், ஏனெனில், நம்முடையவை யாவும் விற்பனைக்குரியவை அல்ல. ஒருவன் தன்னையே அடிமையாக விற்க முடியுமா? விற்றாலும் அவ்விற்பனை செல்லாது என்கிறது நாகரிக உலகம். விடுதலையை விலைக்குக் கொடுத்தபின், விலையைக் கேட்டுப் பெறவும் ஆள் இருக்கமாட்டான் என்பதே காரணம். வாக்கும் அவ்வகையினது. மேலும், அதன் பயன் அளிப்பவரோடு நிற்பதில்லை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் விற்றவனை மட்டுமன்று, விற்காத அண்டை வீட்டாரையும், பிறக்கப்போகும் பிள்ளையையும் ஆளும். ஆகவே வாக்களிப்பவர் அந்த ஒரு கணம் நீதிபதியின் இருக்கையிலே அமர்கிறார். இருக்கை அவருடையதுதான், தீர்ப்போ ஊருக்குரியது.

விலையைத்தான் பார்ப்போமே! தலைக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு 1825 நாட்கள். நாளொன்றுக்கு 27 காசு! 27 காசுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்துவிடுகிறோம். நாளை மருத்துவமனையிலே மருந்தில்லை, மழையிலே பாதை சரிந்தது, குழாயிலே நீரில்லை என்று போய் நின்றால், 'அன்றே கணக்குத் தீர்த்தாயிற்றே' என்று அவன் வாயால் சொல்லாவிடினும் மனத்தால் சொல்வான். கொடுத்தது கொடையன்று, வாயடைப்பு.

இதைக் கூறும்போது, வாங்கிய ஏழையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. அடுப்பெரிய வழியில்லாத இடத்திலே ஆசை காட்டுவது எளிது. 'ஐந்தாண்டிலே எங்களுக்குக் கிடைப்பது இது ஒன்றுதானே' என்று அவர் சொன்னால், அது பேராசையின் குரலன்று. ஏமாந்து ஏமாந்து புண்பட்ட நெஞ்சின் குரல். சட்டம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் குற்றவாளி என்கிறது. அறமோ, பசியால் வாங்கியவரையும் பதவி வெறியால் கொடுத்தவரையும் ஒரே தட்டிலே வைக்காது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலே, பணப் புழக்கம் காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் 5-ஆம் நாள்தான் நடந்தது. நாணயமாக இருந்த வாக்காளரும் சேர்ந்தன்றோ காத்திருந்தனர்!

சரி, வாங்கியாயிற்று. சூடத்தை அணைத்தாயிற்று. இனி என்ன? இதுதானே அந்தத் தாயின் கேள்வி?

நாம் அவரிடம் ஒரு கதை கூறினோம். "அம்மா, தேயிலைத் தொழிற்சாலைக்கு ஒரு காவலாளி. திருடன் வந்து காசு கொடுத்து, 'நள்ளிரவில் கதவைத் திறந்துவிடு' என்கிறான். காவலாளி சூடத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டான். நள்ளிரவு வந்தது, மனம் உறுத்துகிறது. அவன் கதவைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?"

"மூடத்தான் ஐயா வேணும்! சரக்கு அவனோடதா என்ன?" என்றார், சற்றும் தயங்காமல்.

கல்லாதவர் என்று நாம் கருதும் ஒருவர் வாயிலிருந்து முழு விடையும் வந்துவிட்டது! 'சரக்கு அவனோடதா?' இதைவிடத் தெளிவாக எந்த நீதி நூல் கூறும்? காவலாளி திருடனுக்குச் சொல் கொடுக்குமுன்பே ஊருக்குச் சொல் கொடுத்தவன். முந்திய கடமையைக் கெடுக்கும் பிந்திய உறுதி, உறுதியே அன்று. வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோதும், பிறர்க்குத் தீங்கு விளைக்காமையையே அளவுகோலாக வைத்தார். தீமைக்குத் துணைபோகும் சொல்லைக் காப்பது வாய்மையாகாது. காசு வாங்கியது ஒரு தவறு. அதற்காக மனச்சான்றைக் கொன்று வாக்களிப்பது இரண்டாம் தவறு. இரண்டாவதைச் செய்து முதலாவதைக் கழுவ முடியுமா?

சூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடம் எரியும்; கரையும்; சாம்பலும் மிஞ்சாது. அச்சுறுத்துவது சூடமன்று, அதைச் சுற்றி நாம் வளர்த்த பயம். அந்தப் பயத்தைக் கூலிக்காரியின் குடிசையிலே கொளுத்துகிறார்களே, 'பாதை போடுவோம், பள்ளி கட்டுவோம், ஐந்தாண்டும் உண்மையாக நடப்போம்' என்று தங்கள் உள்ளங்கையிலே ஏன் கொளுத்திக் காட்டுவதில்லை? சத்தியம் ஏழைக்கு மட்டுமா? கொடுப்பவனுக்கு ஒரு நீதி, வாங்குபவளுக்கு ஒரு நீதி என்றால், அது சத்தியமன்று; விலங்கு!

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'பணத்தை வாங்கிக்கொள், வாக்கை மாற்றிப் போடு' என்று சிலர் சாமர்த்தியம் போதிப்பர். அது நமக்கு உடன்பாடன்று. ஏமாற்றவே வாங்குபவர் சந்தையை அழிக்கவில்லை, வளர்க்கிறார். இன்று நூறு கொடுத்து ஏமாந்தவன் நாளை இருநூறு கொடுத்து இன்னும் கடுமையான சத்தியம் கேட்பான். வாங்காதிருத்தலே தலை. வாங்கிவிட்டால், இயலுமாயின் திருப்பித் தருதல் இடை. அச்சத்தால் அதுவும் இயலாவிடின், வாங்கியதற்கு வருந்தி, வாக்கையாவது காத்தல் கடை. கடையும் அறத்தின் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது.

அச்சம் என்றோம். அதற்கும் காப்புண்டு. தோட்டத் துரைமாரின் தாய்நாடாகிய பிரிட்டனிலேயே 1872 வரை வெளிப்படை வாக்குத்தான். நிலக்கிழார் பார்த்திருக்கக் குடியானவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கொடுமையை ஒழிக்கவே மறைவாக்கு வந்தது. நம் நாட்டிலும், யாருக்கு வாக்களித்தாய் என்று கூறும்படி எவரையும் கட்டாயப்படுத்த ஒண்ணாது என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. பொத்தானை அழுத்தியதும் ஏழு நொடி காகிதச் சீட்டுக் கண்ணுக்குத் தெரிகிறது, வாக்களித்தவர் கண்ணுக்கு மட்டும்; பிறகு பெட்டிக்குள் விழுகிறது. அந்த அட்டை மறைப்புக்குள்ளே கங்காணி இல்லை, கணவன் இல்லை, காசு கொடுத்தவன் இல்லை. உலகிலே ஏழைப் பெண் தன்னந்தனியே முடிவெடுக்கும் இடம் எத்தனை இருக்கின்றன?

"ஒத்த ஓட்டு, ஐயா. அதுல என்ன கெடக்கு?" என்று அவர் இறுதியாகக் கேட்டார்.

நீலமலைக்கு அப்பால், கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தின் சந்தேமரஹள்ளியிலே, 2004 சட்டமன்றத் தேர்தலில் வெற்றி ஒரே வாக்கில் முடிவாயிற்று. 1989-இல் அனகாபள்ளி மக்களவைத் தொகுதியில் வேறுபாடு ஒன்பது. இவை அரியவை என்பதை மறைக்க மாட்டோம். பெரும்பாலான தொகுதிகளில் ஒரு வாக்கு முடிவை மாற்றுவதில்லை. வாக்குகளுக்கேற்ப இடங்கள் கிடைப்பதுமில்லை. 2014-இல் தமிழகத்திலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. முறையிலே குறையுண்டு. ஆனால் வாக்கின் மதிப்பு, முடிவை மாற்றுவதில் மட்டும் இல்லை. அதே 2014-இல், இதே நீலகிரித் தொகுதியிலே, 'எவரும் வேண்டாம்' என்னும் பொத்தானை 46,559 பேர் அழுத்தினர், நாட்டிலேயே மிகுதி. அதனால் எவரும் தோற்கவில்லை. சட்டம் அதற்கு அந்த வலிமையை அளிக்கவில்லை. எனினும் எண்ணாமல் விட முடிந்ததா? எண்ணியே ஆகவேண்டியிருந்தது. எண்ணப்படுதல்தான் வாக்கின் உயிர். இலங்கை மலையிலே அந்தத் தாயின் தந்தை இழந்தது ஒரு வெற்றியை அன்று. எண்ணிக்கையிலே தமக்குரிய இடத்தை. எண்ணாமல் விட்டவர்களைத்தான் பின்னர்ப் பங்கிட்டனர்.

ஏப்ரல் 19 வந்தது. மாலையிலே அவரைக் கண்டோம்; விரலிலே மை. யாருக்கு என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை நமக்கும் இல்லை.

ஆனால், இதைப் படிக்கும் நம்மவரை ஒன்று கேட்கலாம். குடிசையிலே சூடம் கொளுத்தியதைக் கேட்டு நாம் முகம் சுளித்தோம். நாம் கைநீட்டிக் காசு வாங்கவில்லை, உண்மை. ஆனால், 'நம்ம சாதிக்காரர்' என்றதும் ஆராயாமல் அழுத்தினோமே, அதற்கு என்ன பெயர்? ஒப்பந்தம் கிடைக்கும், மாற்றல் கிடைக்கும், மகனுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டோமே, அது எத்தனை ரூபாய்? அந்தத் தாய்க்கு உறுத்தலாவது இருந்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, வழியிலே கண்டவரிடம் ஞாயம் கேட்கும் அளவுக்கு இருந்தது. நமக்கு?